ஏழு நிமிட ஆலோசனை

மார்ச் 6, வெள்ளி

குழாயில் தண்ணீர் விடியும்போதே வந்துவிட்டது. தொட்டியை நிரப்பி, என் கணவர் லியோனுக்கு இட்லி அவித்து மூடி வைத்துவிட்டு, எட்டரைக்கெல்லாம் மருத்துவமனைக்குப் போய்விட்டேன். எங்கள் கல்லூரியின் மூன்றாமாண்டு மாணவிகளுக்கு அங்கே இன்று செய்முறைத் தேர்வு. பாடத்தின் பெயர் நீளமானது: உடல்நல, ஊட்டச்சத்துத் தகவல் தொடர்பியல். படித்ததை ஒரு நோயாளிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் விஷயம். இதுவரை வகுப்பறையில் ஒருத்தி நோயாளியாக நடிப்பாள், இன்னொருத்தி ஆலோசனை சொல்வாள். இந்த வருடம் உண்மையான நோயாளிகளிடமே நடத்தலாம் என்று அலைந்து அனுமதி வாங்கியது நான். மதிப்பெண் அட்டவணையும் நான் போட்டதுதான். குரல், பார்வை, மொழி, படங்களைக் கையாளும் விதம், நேரம். தலைக்கு ஏழு நிமிடம். மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும்.

டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே உள்ள கூடத்தில் நாற்காலிகள் போட்டுக் கொடுத்தார்கள். ஷைனி அருமையாகப் பேசினாள். செய்தி வாசிப்பவள் மாதிரி திருத்தமான தமிழ், சிரித்த முகம். அவள் எதிரில் இருந்த பெரியவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று.

முப்பிடாதிதான் ஏமாற்றிவிட்டாள். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண். அவளுக்கு வாய்த்தவர் ஆத்திமுத்து என்ற உப்பளத் தொழிலாளி. ஐம்பது வயதுகூட இருக்காது. இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் இரண்டு நாள் வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறார். கூட அவர் மனைவி பேச்சித்தாய். முப்பிடாதி ஆலோசனையை ஆரம்பிக்காமல் அவர்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். "காலம்பற என்ன சாப்பிடுவீய? தாகம் எடுத்தா என்ன செய்வீய? வீட்ல யாரு சமைக்கா?" பேச்சித்தாய் சொல்லிக்கொண்டே போனாள், இவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதி நேரம் அதிலேயே போயிற்று. பிறகுதான் தன் கையால் வரைந்த அட்டைகளை எடுத்தாள். உப்பு, கருவாடு, வாழைப்பழம், கீரை என்று ஒவ்வொன்றாகக் காட்டி, ஏன் ஆகாது என்று சொல்லி, "நான் சொன்னத நீங்க ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கக்கா" என்று பேச்சித்தாயையும் சொல்ல வைத்தாள். மணி அடித்தேன்.

"மேடம், இன்னும் ஒரே ஒரு அட்டை" என்றாள்.

மற்றவர்களுக்கு உள்ளதுதானே இவளுக்கும்? அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

நேரத்துக்கு ஐந்தில் ஒன்று. மொழிக்கு இரண்டு, கடைசி வரை பேச்சு வழக்குதான். மொத்தம் பதினான்கு.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. தையல்காரர் சாப்பாட்டுக்குக் கடையை மூடுவதற்குள் போய் ரவிக்கையை வாங்கிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளமாட்டேன் என்கிறது. எல்லாம் கையால் துவைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

முப்பிடாதி துறைக்கு வந்தாள். மதிப்பெண்ணுக்காக வந்திருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. ஆத்திமுத்துவை மறுபடி பார்த்து, விட்டுப்போன அட்டையைக் காட்டிவிட்டு வர அனுமதி வேண்டுமாம். எதைப் பற்றியோ சொன்னாள். நான் இரண்டாமாண்டு விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"எக்ஸாம் முடிஞ்சு போச்சு. பெர்மிஷன் லெட்டர் இல்லாம வார்டு பக்கம் போகக்கூடாது, தெரியும்ல?"

"லெட்டர் நீங்க குடுத்தா போதும் மேடம். உடனே வந்துருவேன்."

"அங்க டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க. அவங்க சொல்லாததையா நீ சொல்லப் போற? போய் தியரிக்குப் படி."

பிறகு போய்விட்டாள்.

இரவுக்கு ரசமும் அப்பளமும். லியோனுக்குத் துறைமுகத்தில் இரண்டு ஷிஃப்டாம், சாப்பிட வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

வெயில் இப்போதே மே மாதம் மாதிரி அடிக்கிறது. உப்புக் காற்றில் கண் எரிகிறது.

ஏப்ரல் முதல் தேதி தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. எங்கள் துறையில் காட்டுவதற்கு இருப்பது இந்தச் செய்முறைத் தேர்வு ஒன்றுதான் என்று துறைத்தலைவர் ரெஜினா மேடம் சொல்லிவிட்டார். மாணவிகள் பேசும் திறன் மூன்று வருடத்தில் எப்படி ஏறியிருக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். புகைப்படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். அறிக்கையின் முன்னட்டைக்கு மேடம் தேர்ந்தெடுத்தது முப்பிடாதி எடுத்த பாடத்தின் படத்தை. அவள் வாழைப்பழ அட்டையை உயர்த்திப் பிடித்திருக்கிறாள், ஆத்திமுத்து வாய் விட்டுச் சிரிக்கிறார். "இதுல உயிர் இருக்கு ஜெசிந்தா" என்றார் மேடம். எனக்கும் பிடித்திருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

அறிக்கையோடு இணைக்க மருத்துவமனையில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. டயாலிசிஸ் பிரிவில் ஜோஸ்பின் சிஸ்டர் முத்திரையைத் தேடிக்கொண்டே பேசினார்.

"மேடம், அந்த உப்பளத்துக்காரர் ஞாபகம் இருக்கா? உங்க பிள்ளை ஒண்ணு அட்டை காட்டிப் பேசுச்சே, அவரு. போய்ட்டாரு."

எங்கே போனார் என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம காலைல கொண்டு வந்தாவ. வரும்போதே ஒண்ணும் இல்ல. பொட்டாசியம் ஏறி ஹார்ட் நின்னுட்டு. வெயிலுக்கு இதமா இருக்கும், கிட்னிக்கும் நல்லதுன்னு அந்தம்மா எளனியா வாங்கிக் குடுத்திருக்கு."

சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லை. ரத்தத்திலேயே தங்கும். அளவு மீறினால் இதயம் நின்றுவிடும். இரண்டாமாண்டில் நான் நடத்துகிற பாடம் இது.

"அந்தம்மாட்ட சொன்னீங்களா?" என்றேன்.

"என்னன்னு சொல்ல? செத்த வீட்ல போயி நீதான் காரணம்னு சொல்லவா முடியும்? சொல்லல."

முத்திரை கிடைத்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரும்போது கொத்தமல்லிக் கட்டு வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

மார்ச் 25, புதன்

மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. லியோன் அதையே சாப்பிட்டார்.

நோயாளி முதன்முதலில் சேரும்போதே மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்து அனுப்புவார்கள். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று அதில் எல்லாம் உண்டு. ஆங்கிலத்தில் இருக்கும், ஆனாலும் உண்டு. படிக்கத் தெரியாவிட்டால் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். அந்த நோய்க்கு எந்த நாள் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் நடக்கலாம். ஒரு கல்லூரித் தேர்வு என்பது சிகிச்சை அல்ல.

மார்ச் 27, வெள்ளி

முப்பிடாதிக்குத் தெரிந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள், நான் சொல்லியும் கேளாமல். ஆத்திமுத்துவின் முறை நாளன்று கூடத்தில் காத்திருந்திருக்கிறாள். அவருடைய கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தாராம்.

துறை அறையில் யாரும் இல்லை. கதவை ஒட்டி நின்றாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை.

"எளனி அட்டைதான் மேடம் விட்டுப்போச்சு. அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேனே. அந்தக்கா தாகத்துக்கு எளனி குடுக்கேன்னு சொன்னாங்க, அதான் அந்த அட்டைய கடைசில வச்சு அழுத்திச் சொல்லணும்னு நெனச்சிருந்தேன்னு."

"நீ அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

"முதல்லயே அத சொல்லியிருக்கணும் நீ. எது முக்கியமோ அத முதல்ல சொல்லணும்னு வகுப்புல எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"ஆமா மேடம். என் தப்புதான். எடுத்தவொடனே அவங்க நம்பிக்கிட்டு இருக்கறத வேண்டாம்னா காது குடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்." பிறகு, "ஷைனிக்கு மணியே அடிக்கலையே மேடம். அவ பேசி முடிக்கிற வரைக்கும் விட்டீங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

ஷைனி சரளமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான்.

அடுத்து அவள் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச்சித்தாயின் வீட்டைத் தேடிப் போகப் போகிறாளாம். போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறாளாம்.

"அறிவிருக்கா உனக்கு? அந்தம்மா விதின்னு நெனச்சு எப்படியோ மனச தேத்திக்கிட்டு இருக்கும். நீ போய் இப்படின்னு சொன்னா, தன் கையாலயே புருஷனைக் கொன்னுட்டோம்னு ஆகிராதா? யாருக்கு அதனால என்ன லாபம்?"

"தெரியல மேடம். ஆனா சொல்லாம இருக்க என்னால முடியல."

"முடியணும். இது என் உத்தரவு."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். பேச்சித்தாயின் நல்லதுக்கும்.

மாலையில் ரெஜினா மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம ஏதாவது தப்பா சொல்லி அவர் செத்திருந்தா அது வேற. நாம சொல்லலன்னு யாரு கேஸ் போடுவா? ஆனா அட்டைப் படத்த மாத்திரு" என்றார். ஷைனியின் படத்தைப் போட்டேன்.

ஏப்ரல் 1, புதன்

குழு வந்தது. மூன்று பேர். வாசலில் சந்தனம், குங்குமம், ஆளுக்கு ஒரு இளநீர். வெயிலுக்கு நல்லது என்று முதல்வர் ஏற்பாடு செய்திருந்தார். எனக்கும் ஒன்றைச் சீவி ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார்கள். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "குடிங்க மேடம், சூடாயிரும்" என்றார் வெட்டுகிறவர்.

குடித்தேன்.

என் பேச்சு நன்றாக வந்தது. வரைபடம், புகைப்படங்கள், மதிப்பெண் அட்டவணை. வயதான உறுப்பினர் ஒருவர், கோயம்புத்தூர்ப் பக்கம் போலிருக்கிறது, பக்கங்களைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "ரொம்ப நல்ல முயற்சிங்க. தேர்வுக்கு அப்புறம் இந்த நோயாளிகளைத் திரும்பப் போய்ப் பார்த்தீங்களா? என்ன கடைப்பிடிக்கறாங்கன்னு?"

ரெஜினா மேடம் என்னைப் பார்த்தார்.

"பார்த்தோம் சார்" என்றேன்.

"வெரி குட்" என்று குறித்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மாதா கோவிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று லியோனிடம் சொன்னேன். அவர் மட்டும் போய்விட்டு வந்து, கோவிலில் கொடுத்த கஞ்சியை எனக்கும் தூக்குவாளியில் கொண்டு வந்தார். "என்னாச்சு உனக்கு? ரெண்டு வாரமா தட்டுல போட்டத கிண்டிக்கிட்டே இருக்க" என்றார். வெயில் என்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

முப்பிடாதி ஃபோனில் கூப்பிட்டாள்.

"சொல்லிட்டேன் மேடம்."

"என்ன சொன்ன?"

"எல்லாம். எளனியப் பத்தி. எனக்குத் தெரிஞ்சிருந்தும் சொல்ல முடியாமப் போச்சுன்னு. நேரம் பத்தலன்னு சொன்னேன். உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல மேடம்."

"அவங்க?"

"ஒண்ணுமே பேசல. நான் அழுதேன். அவங்க அழல. உள்ள போய் மோர் கொண்டு வந்து குடுத்தாங்க. பஸ் ஏறுற வரைக்கும் கூடவே வந்தாங்க."

நான் கத்திவிட்டேன். உன் பாரத்தை இறக்கி வைக்க அந்தப் பொம்பளை தலைதான் கிடைத்ததா, உனக்கு நிம்மதி வேண்டும் என்பதற்காக அவள் நிம்மதியைக் கெடுத்துவிட்டாயே என்றெல்லாம். லியோன் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றதும் சரியா இருக்கும் மேடம். ஆனா எனக்கு நிம்மதி ஒண்ணும் வரல" என்றாள்.

ஏப்ரல் 13, திங்கள்

பல்கலைக்கழகத் தேர்வு ஆரம்பம். முப்பிடாதியின் இடம் காலியாக இருந்தது. மணி அடித்து, தாள் கொடுத்து, அரை மணி நேரம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது. விடுதியில் கேட்டதற்கு, சனிக்கிழமையே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம்.

ஏப்ரல் 16, வியாழன்

மூன்று நாள் முயற்சிக்குப் பிறகு எடுத்தாள். பின்னால் இயந்திரச் சத்தம். இறால் கம்பெனியில் தலை கிள்ளுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். அவளுடைய அம்மாவும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

"மீதிப் பரீட்சையாவது எழுது. விட்டத அடுத்த வாட்டி எழுதிக்கலாம்" என்றேன்.

"எழுதி என்ன மேடம் செய்ய? நாளைக்கு வேலைக்குப் போனா ஒருத்தருக்கு சொல்லித்தான ஆகணும். என்னால முடியாது. வாயத் தொறந்தாலே எதையோ விட்டுட்டேன் எதையோ விட்டுட்டேன்னு நெஞ்சு அடிக்கு. இங்க யார்ட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதுபாட்டுக்கு வேல நடக்கும்."

நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. வைப்பதற்கு முன் அவளே சொன்னாள்.

"நேத்து அந்தக்காவ பாத்துட்டு வந்தேன் மேடம். சோறே எடுக்கறது இல்லையாம். வேலைக்கும் போகல. நான் போனா என் மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்காங்க. நீங்க ஒருக்கா போங்க மேடம். பெரியவங்க நீங்க சொன்னா கேப்பாங்க."

ஏப்ரல் 19, ஞாயிறு

லியோன் பைக்கில் கொண்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று பஸ்ஸில் போனேன். இறங்கியதும் கண் கூசியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புக் குவியல். அதை ஒட்டி ஒரே மாதிரி சின்னச் சின்ன ஓட்டு வீடுகள். ஆத்திமுத்து வீடு என்றதும் காட்டிவிட்டார்கள்.

பேச்சித்தாய் வாசலுக்கு உள்பக்கம் வெறுந்தரையில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து சேலையைச் சரிசெய்தாள். முகம் பாதியாகியிருந்தது.

"நீங்க அன்னைக்கு மணி வச்சிருந்த டீச்சர்லா?"

"ஆமாம்மா."

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ள வந்துச்சு டீச்சர். சங்கடப்பட்டு அழுதுச்சு. நாந்தான் தேத்தி அனுப்புனேன். நல்ல புள்ள. அன்னைக்கு அது சொன்னது ஒண்ணையும் நான் விடல. கருவாடு வாங்குறத நிறுத்திட்டேன். வாழப்பழம் கண்ணுல காட்டல. கீரைய விட்டேன். அவிய நாக்கு செத்துப் போச்சுன்னு திட்டுவாவ. அந்தப் புள்ள சொல்லிருக்கு, பேசாம சாப்பிடுங்கம்பேன்." நிறுத்தினாள். "எளனி ஒண்ணுதான் அது வேண்டாம்னு சொல்லல. அப்ப அது நல்லதுதாம்போலன்னு இருந்துட்டேன்."

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"நீங்க படிச்சவிய. நீங்க சொல்லுங்க டீச்சர். அந்தப் புள்ள சொன்னது நெசமா? நான் குடுத்த எளனியாலதான் அவிய போனாவளா?"

பஸ்ஸில் வரும்போது சொல்வதற்கு ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறொன்றுதான் வந்தது.

"இல்லம்மா. அது சின்னப் பிள்ளை. புத்தகத்துல படிச்சத வச்சுக்கிட்டு பயந்துபோய் சொல்லியிருக்கு. அவருக்கு இதயம் ஏற்கெனவே பலவீனமா இருந்திருக்கு. எளனிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க ஒரு தப்பும் செய்யல."

நிதானமான குரலில், கண்ணைப் பார்த்து, எளிய சொற்களில் சொன்னேன்.

"நெசமாவா?"

"நெசமா."

அவளுடைய வாய் கோணிக்கொண்டு போயிற்று. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை. உடம்பு மட்டும் ஆடியது. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்துவிட்ட சோறு ஒரு தட்டில் மூடியிருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, "பசிக்கி டீச்சர்" என்றாள், தானே ஆச்சரியப்பட்டது மாதிரி. என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். பெரிய பெரிய கவளமாக. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு மாதத்தில் முதன்முறையாக எனக்கும் பசித்தது. நல்ல வேளை வந்தோம் என்று நினைத்தேன்.

பாதிச் சோற்றில் கையை நிறுத்தினாள்.

"பாருங்க டீச்சர், நான் பாட்டுக்கு அந்தப் புள்ள சொன்னத கேட்டு இங்க ஒரு ஆள வாட்டிட்டேன். பக்கத்து வீட்ல மாரியப்பன்னு ஒருத்தர், அவியளுக்கும் கிட்னிதான். அவிய மாதிரியே மெஷின்ல போட்டுக்கிட்டு வாராவ. எளனின்னா அவருக்கு உசுரு. நாந்தான் சம்முகக்கனிட்ட, அவரு பொண்டாட்டிட்ட, இப்படியாமே குடுக்காதன்னு சொல்லி வச்சேன். அந்த மனுசன் நாக்கு வறண்டு போச்சு ஒண்ணே ஒண்ணு தாட்டின்னு நேத்தும் கெஞ்சிக்கிட்டு கெடந்தாரு. இங்க கேட்டுச்சு." கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "இருங்க. குடுக்கலாமாம்னு சொல்லிட்டு வந்துருதேன். பெரிய டீச்சரே வந்து சொல்லிட்டாவன்னு சொல்லுதேன்."

நான் வாயைத் திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. எவ்வளவு என்று எழுத விருப்பமில்லை. அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

"பேச்சித்தாய்!"

திரும்பினாள். அவள் முகத்தில் இன்னும் அந்தத் தெளிச்சி இருந்தது.

"வேண்டாம். சொல்லாதீங்க. அவருக்குக் குடுக்க வேண்டாம்."

"ஏன் டீச்சர்? ஒண்ணும் செய்யாதுன்னீயளே?"

வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவருக்கு நோய் வேறு மாதிரி என்றோ, சர்க்கரையும் சேர்ந்திருக்கும் என்றோ. மனசில் எல்லாம் வந்தது. ஒன்றையும் நாக்கு எடுக்கவில்லை.

"அவருக்கு ஆகாதா?"

"ஆகாது."

"இதே நோவுதான் டீச்சர் ரெண்டு பேருக்கும்."

"ஆமா."

வெயிலில் அப்படியே நின்றாள். எச்சில் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். அவள் முகத்திலிருந்து அந்தத் தெளிச்சி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பினாள். "ஏ சம்முகக்கனி" என்று கூப்பிட்டாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. ஒரு பெண் அரிசி களைந்த கையோடு வெளியே வந்தாள்.

"ஒம் மாப்ளைக்கு எளனி குடுத்துராத. அவரு எவ்வளவு கேட்டாலும் குடுக்காத. நெஞ்சு நின்னுரும். டீச்சரு வந்து சொல்லுதாவ."

"அன்னைக்கே சொன்னீயளேக்கா. நான் குடுக்கல."

"திரும்பவும் சொல்லுதேன். தாகம்னா தண்ணிய வாயில ஊத்தி கொப்பளிச்சுத் துப்பச் சொல்லு. அவிய மாதிரி ஆயிராம. என்ன? நான் சொன்னத சொல்லு பாப்போம்."

அந்தப் பெண் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எளனி குடுக்க மாட்டேன், கொப்பளிக்கச் சொல்லுதேன் என்று சொன்னாள்.

பேச்சித்தாய் உள்ளே வந்தாள். கையைக் கழுவவில்லை. முதலில் உட்கார்ந்திருந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அன்னைக்கு ராத்திரி ரெண்டாவது எளனி அவிய கேக்கல டீச்சர். வயிறு நெறஞ்சிட்டு, போதும்னாவ. வெட்டியாச்சே, நாளைக்குக் கெட்டுப் போயிருமே, குடிங்கன்னு நாந்தான் குடுத்தேன்."

நான் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ரோட்டில் நான் போக வேண்டிய பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. தட்டில் மீதிச் சோறு காய்ந்துகொண்டிருந்தது.